பொதுநிதி, பல்கலைக்கழகம், நிறுவனம்: தமிழ்த் தரவுக் கூட்டாய்வுகளின் உடன்படிக்கை குறித்த விமர்சனம் – திருமயம் கல்வெட்டை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பொதுநிதியில் இயங்கும் உயர்கல்வி நிறுவனங்களும் தொழில்நுட்ப நிறுவனங்களும் இணைந்து நிகழ்த்தும் தமிழ் மொழித்தொழில்நுட்ப ஆய்வுகள், ‘திறந்தவை’, ‘மூடியவை’ என்னும் இரண்டனுள் ஒன்றாக வைத்து மதிப்பிடப்படுகின்றன. இவ்வளவுகோல் போதாது என்பது இக்கட்டுரையின் கருத்து. ஆய்வின் விளைவு திறந்திருக்கும்போதும் அதனை உருவாக்கிய உடன்படிக்கை மறைந்திருக்கக்கூடும். தமிழ்த்துறைகள் அவ்வுடன்படிக்கையில் தரப்பினராக இடம்பெறாமல் போகக்கூடும். ஏஐ4பாரத், பாஷினி ஆகிய முயற்சிகளைச் சான்றாகக் கொண்டும், திருமயத்தின் 13ஆம் நூற்றாண்டுத் தீர்ப்புக் கல்வெட்டை ஓர் ஒப்பீட்டுக் கருவியாகக் கொண்டும் இக்கருத்து விவாதிக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பொதுநிதி ஆய்வு, தரவகம், உரிமம், உடன்படிக்கை, பாஷினி, கல்வெட்டு, திருமயம்

முன்னுரை

இயந்திர மொழிபெயர்ப்பு, பேச்சுணர்தல், எழுத்துணர்தல் ஆகியவற்றில் அண்மை ஆண்டுகளில் தமிழுக்கு நேர்ந்துள்ள வளர்ச்சியைத் தமிழ்த்துறைகள் இருவகையாக எதிர்கொள்கின்றன. கருத்தரங்க மேடைகளில் அதனைப் புகழ்வோர் ஒரு சாரார். தமிழின் சொத்து கொள்ளை போகிறது என்று வருந்துவோர் மற்றொரு சாரார். புகழ்வோரும் சரி, வருந்துவோரும் சரி, பொதுப்பணம் எந்த நிபந்தனையின் பேரில் யாரிடம் சென்றது என்னும் வினாவை எழுப்புவது அரிது. இலக்கியப் பிரதியை வரிக்கு வரி வாசிக்கப் பயின்ற நாம், ஓர் ஒப்பந்தத்தை வாசிப்பது நம் வேலையன்று என்று எண்ணிவிட்டோம்.

திறப்பு என்னும் சாதனை

முதலில் செய்யத்தக்கது நியாயமான பாராட்டு. இந்திய மொழிகளுக்கான தொழில்நுட்ப வளர்ச்சித் திட்டத்தை ஒன்றிய அரசின் மின்னணுத்துறை 1991இல் தொடங்கியது. அதன்கீழ்ப் பின்னாளில் பல நிறுவனங்கள் கூட்டாக மொழிபெயர்ப்புப் பொறிகளையும் தரவகங்களையும் உருவாக்கின. தமிழுக்கான பணியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயூ-கேபிசி ஆய்வு மையம் முதலியன பங்கேற்றன. முழுவதும் அரசுப் பணத்தில் விளைந்த அத்தரவுகள் பொதுவில் புழங்கினவா எனில், இல்லை என்றே கூறவேண்டும். அவற்றைப் பெறப் பதிவும் படிவமும் ஒப்புதலும் தேவைப்பட்டன. ஆய்வுக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்னும் வரம்பும் பலவற்றுக்கு இருந்தது. அரசிடம் இருப்பதெல்லாம் மக்களிடம் இருப்பதாகாது என்பதற்கு இவ்வரலாறே சான்று. தனியார் நிறுவனம் நுழைந்ததனால்தான் சிக்கல் தொடங்கியது என்னும் வாதம் இங்கேயே வலுவிழக்கிறது.

இந்த நிலையை மாற்றியது சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஏஐ4பாரத். 2021ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் தேசிய மொழிபெயர்ப்புப் பணித்திட்டம் அறிவிக்கப்பட்டது. அது பாஷினி என்னும் பெயரில் 2022இல் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் தரவுத் திரட்டலில் ஏஐ4பாரத் முதன்மைப் பொறுப்பேற்றது. அதே ஆண்டு ஜூலையில், ரோகிணி நிலேகனி, நந்தன் நிலேகனி ஆகியோர் வழங்கிய 36 கோடி ரூபாய்க் கொடையில் அங்கு நிலேகனி மையம் திறக்கப்பட்டது. அரசுக் கல்விநிறுவனம், அரசுத் திட்டநிதி, தனியார் அறக்கொடை ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ் வந்தன. 2023இல் வெளியான இண்டிக்டிரான்ஸ்2 மொழிபெயர்ப்பு மாதிரி எம்.ஐ.டி. உரிமத்தின்கீழ் வழங்கப்பட்டது: எவரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். அதனுடன் வெளியான இணைமொழித் தரவகத்தில் ஏறத்தாழ 23 கோடி வாக்கிய இணைகள் உள்ளன. அவற்றுள் மனிதர் மொழிபெயர்த்தவை ஏறத்தாழ 6,44,000. 2024இல் வெளியான இண்டிக்வாய்சஸ் பேச்சுத் தரவகம் 22 மொழிகளில், 145 மாவட்டங்களில், 16,237 பேரிடம் திரட்டிய 7,348 மணி நேர ஒலிப்பதிவைக் கொண்டு தொடங்கியது. தரவு எவ்வாறு திரட்டப்பட்டது என்பதையும் ஆய்வுரையாக எழுதி வெளியிட்டனர். முப்பதாண்டுப் படிவப் பண்பாட்டுக்குப் பிறகு இது சிறிய செயலன்று.

உரிமமும் உடன்படிக்கையும்

ஆயினும் உரிமம் வேறு, உடன்படிக்கை வேறு. உரிமம் என்பது விளைந்த பொருளைப் பிறர் எவ்வாறு பயன்படுத்தலாம் என்று கூறுவது. உடன்படிக்கையோ, அப்பொருளை விளைவித்த தரப்புகளுக்கிடையே பணம், பொறுப்பு, முன்னுரிமை, ஆய்வாளரின் பணிநேரம் ஆகியவை எவ்வாறு பகிரப்பட்டன என்று கூறுவது. முன்னது இணையத்தில் கிடைக்கிறது. பின்னதைக் கேட்கும் வழக்கம்கூட நம்மிடம் இல்லை.

இவ்வேறுபாடு ஏன் முக்கியமாகிறது? ஏஐ4பாரத்தின் நிறுவனர்களுள் ஒருவரான பிரத்யுஷ் குமாரும், அம்முயற்சியோடு தொடர்புகொண்டிருந்த விவேக் ராகவனும் 2023இல் சர்வம் ஏஐ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். அவ்வாண்டு டிசம்பரில் அந்நிறுவனம் 4.1 கோடி டாலர் முதலீடு பெற்றதாக அறிவித்தது. 2025 ஏப்ரலில், இந்தியாஏஐ திட்டத்தின்கீழ் உள்நாட்டுப் பெருமொழி மாதிரியை உருவாக்க ஒன்றிய அரசு அதனைத் தேர்ந்தெடுத்தது. 4,096 உயர்திறன் கணிப்பு அலகுகளை ஆறு மாதங்களுக்குப் பயன்படுத்தும் வாய்ப்பும் வழங்கப்பட்டதாகச் செய்திகள் வெளிவந்தன. அந்நிறுவனம் தன் மாதிரிகள் சிலவற்றைத் திறந்து வெளியிட்டுள்ளது. மொழிபெயர்ப்பு, பேச்சுச் சேவைகளைக் கட்டணத்துக்கு வழங்குகிறது. இவற்றுள் சட்டத்துக்குப் புறம்பானது எதுவுமில்லை. திறந்த உரிமம் அனுமதிப்பதும் இதைத்தான். பல்கலைக்கழகத்தில் விளைந்த திறன் சமூகப் பயன்பாட்டுக்குச் செல்ல நிறுவனம் ஒரு வாயில் என்பதையும் மறுப்பதற்கில்லை.

விமர்சனத்துக்குரியது வேறொன்று. திறந்த உரிமம் எல்லோரையும் சமமாக நடத்துகிறது. ஆனால் அதனைப் பயன்படுத்தும் ஆற்றல் சமமாக இல்லை. ஆயிரக்கணக்கான கணிப்பு அலகுகளை உடைய நிறுவனத்துக்கும், துறைக்கு ஒரு கணினி வைத்திருக்கும் அரசுக் கலைக்கல்லூரித் தமிழ்த்துறைக்கும் ஒரே உரிமத்தை நீட்டுவது, ஊர்ப்பொதுக் குளத்தில் எவரும் நீர் எடுக்கலாம் என்று அறிவித்துவிட்டு ஒருவருக்கு மட்டும் மின்னேற்றி வாங்கித் தருவதை ஒக்கும். 2024 மார்ச்சில் ஒப்புதல் பெற்ற இந்தியாஏஐ திட்டத்தின் மதிப்பு 10,372 கோடி ரூபாய். அதன் கணிப்பு வசதிக்கு ஆய்வாளரும் மாணவரும் விண்ணப்பிக்கலாம் என்பது உண்மை. அவ்விண்ணப்பத்தை எழுதத் தேவைப்படும் பொறியியல் துணை தமிழ்த்துறைகளில் இல்லை என்பதும் உண்மை. ஆகவே பொதுநிதி இருமுறை செலவாகிறது: தரவை விளைவிக்க ஒருமுறை, அத்தரவைக் கொண்டு மாதிரி கட்டும் கணிப்பு வசதிக்கு மறுமுறை. இரண்டாம் செலவுக்கு என்ன நிபந்தனை விதிக்கப்பட்டது என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

இக்கேள்விக்குச் சட்டம் நேரடியாக விடை தருவதில்லை. அமெரிக்காவின் 1980ஆம் ஆண்டுப் பேய்–டோல் சட்டத்தை ஒட்டி, பொதுநிதியில் விளையும் அறிவுசார் சொத்து குறித்த மசோதா ஒன்று 2008 டிசம்பரில் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்டது. பலத்த எதிர்ப்புக்குப் பின் அது 2014இல் திரும்பப் பெறப்பட்டது. ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்தக் கொள்கையின்படி ஒப்பந்தம் செய்துகொள்கிறது. இதற்கிடையே தனியார் பங்களிப்பின் மீதான எதிர்பார்ப்பு மட்டும் பெருகிவருகிறது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் எனத் திட்டமிடப்பட்டது. அதில் ஏறத்தாழ 36,000 கோடி அரசு சாராத மூலங்களிலிருந்து வரவேண்டும் என்பது கணக்கு. இவ்வளவு பணம் உள்ளே வரும்போது, அதனுடன் வரும் நிபந்தனைகளை வாசிக்க எவரேனும் இருக்கவேண்டும்.

வாசிப்பதால் என்ன விளையும் என்பதற்கு அயல்நாட்டுச் சான்று ஒன்று போதும். கூகுள் நிறுவனம் பல்கலைக்கழக நூலகங்களின் நூல்களை மின்படியாக்கும் திட்டத்தை 2004 டிசம்பரில் அறிவித்தது. பங்கேற்ற நூலகங்களுள் மிச்சிகன் பல்கலைக்கழகம் அரசுப் பல்கலைக்கழகம். அதன் ஒப்பந்தம் 2005இல் பொதுவெளிக்கு வந்தது. நூல் வருடப்பட்டபின் ஒரு மின்படி பல்கலைக்கழகத்துக்கும் உரியது என்னும் விதி அதில் இருந்தது. அப்படியைப் பிறர் மொத்தமாகப் பதிவிறக்கி வணிகம் செய்யாமல் பல்கலைக்கழகம் தடுக்கவேண்டும் என்னும் கட்டுப்பாடும் இருந்தது. கட்டுப்பாட்டைக் குறைகூறியோர் பலர். ஆனால் முதல் விதி இருந்தமையால்தான், நூலகங்கள் தம் படிகளை ஒன்றுசேர்த்து 2008இல் ஹாத்திடிரஸ்ட் என்னும் பொதுக்களஞ்சியத்தை நிறுவ இயன்றது. ஒரு விதி ஒரு நூலகத்தின் எதிர்காலத்தை முடிவு செய்தது.

நம் நாட்டிலும் வழி உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 பிரிவு 4, பொது அதிகார அமைப்புகள் தாமாகவே தகவல்களை வெளியிடவேண்டும் என்கிறது. பிரிவு 8(1)(ஈ) வணிக மறைபொருளுக்கு விலக்களிக்கிறது. பரந்த பொதுநலன் இருப்பின் அவ்விலக்கும் பொருந்தாது என்று அதே பிரிவு கூறுகிறது. தமிழ்த்துறையினர் இச்சட்டத்தைப் பணியிட நிரப்புதல், ஊதிய நிலுவை ஆகியவற்றுக்குப் பயன்படுத்தியிருக்கிறோம். ஆய்வு ஒப்பந்தத்துக்கும் அது பொருந்தும்.

திருமயத்து அவை

புதுக்கோட்டை மாவட்டம் திருமயத்தில், கோட்டைக் குன்றின் தென்புறத்தில், சத்தியகிரீசுவரர் கோயிலும் சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலும் ஒரே பாறையில் அடுத்தடுத்துக் குடையப்பட்டுள்ளன. இவ்விரு கோயில்களுக்கும் இடையே நெடுங்காலம் நிலவிய வழக்கை 13ஆம் நூற்றாண்டில் போசளத் தண்டநாயகர் அப்பண்ணர் முன்னிலையில் கூடிய அவை தீர்த்துவைத்தது. வருவாயை இரு கோயில்களும் பகிரும் முறையும் எல்லையும் வரையறுக்கப்பட்டன. தீர்ப்பு கல்லில் வெட்டப்பட்டது. சமய வரலாற்றாசிரியர் இதனைச் சைவ–வைணவப் பூசலின் சான்றாகவே பெரிதும் எடுத்தாள்வர். இங்கு வேறொரு கோணம் நமக்குப் பயன்படும். ஒரே பொதுவளத்தின்மீது உரிமை கோரும் இரு நிறுவனங்கள், நடுவர், பங்கு, எல்லை, அனைவரும் காணும் இடத்தில் பொறிப்பு ஆகிய அனைத்தும் ஓர் ஆவணத்தில் ஒருங்கே உள்ளன. இன்றைய புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்றைக் கையில் எடுத்து, இவற்றுள் எவையெவை அதில் பொதுமக்கள் கண்ணுக்குப் படுகின்றன என்று கேட்கலாம். பெரும்பாலும் கிடைப்பது கைகுலுக்கும் நிழற்படமும் செய்திக்குறிப்பும்தான்.

பழமையைப் பொற்காலமாக்குவது நோக்கமன்று. நடுவராக இருந்தவர் படைத்தலைவர். அவர் சொல்லுக்குப் பின்னால் படை நின்றது. கோயில் நிலத்தை உழுதவர்கள் அவ்வவையில் ஒரு தரப்பாக இருந்தனர் என்று கொள்ள இடமில்லை. பங்கு பிரித்தவர்கள் பங்கு உடையவர்களே, விளைவித்தவர்கள் அல்லர். ஒப்பீடு இவ்விடத்தில் நமக்கு எதிராகவும் திரும்புகிறது. பேச்சுத் தரவகத்துக்குக் குரல் கொடுத்தவரும், அக்குரலை எழுத்தாக்கியவரும், கல்வெட்டுக்கு மூலபாடம் கண்டவரும் இன்றைய உடன்படிக்கையில் எங்கே இருக்கிறார்கள்?

தமிழ்த்துறையின் இடம்

இண்டிக்வாய்சஸ் முதல் வெளியீட்டின் 7,348 மணி நேரத்தில் எழுத்தாக்கம் முடிந்திருந்தவை 1,639 மணி நேரம். நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. குரலைத் திரட்டுவது விரைவாக நடக்கிறது, குரலை எழுத்தாக்குவது நடப்பதில்லை என்பதையே இவ்வெண்கள் காட்டுகின்றன. காரணம் ஆள் பற்றாக்குறை மட்டுமன்று. தமிழ் இரட்டை வழக்கு மொழி. ‘வந்துச்சு’, ‘வந்திச்சு’, ‘வந்தது’ ஆகியவற்றுள் பேசியவர் ஒலித்ததை எழுதுவதா, எழுத்து வழக்குக்கு மாற்றுவதா? மூக்கொலி உயிரில் முடியும் சொல்லை எவ்வாறு எழுதுவது? இவை தொழில்நுட்ப வினாக்கள் அல்ல, கிளைமொழியியல் வினாக்கள். ஒரு முடிவு எடுக்கப்பட்டால் ஆயிரக்கணக்கான மணி நேரப் பேச்சு அம்முடிவின்படி எழுதப்படும். பின்னர் வரும் ஒவ்வொரு கருவியும் அதனையே தமிழென்று கற்கும். இத்தகைய முடிவுக்கு உரிய அறிவு தமிழ், மொழியியல் துறைகளில் உள்ளது. அத்துறையினர் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்கு இவ்வளவு என்னும் கூலியில் பணிபுரியும் எழுத்தாக்குநராகவோ, பணி முடிந்தபின் சரிபார்ப்பவராகவோ அழைக்கப்படுகின்றனர். நன்றியுரையில் பெயர் இடம்பெறலாம். நன்றியுரை உரிமையாகாது.

இதற்கு மாற்றாக, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உரிமைத்தொகை வழங்கவேண்டும் என்னும் கருத்து நம் கருத்தரங்குகளில் அவ்வப்போது எழுகிறது. 23 கோடி வாக்கிய இணைகளை எண்ணிப் பார்த்தால் அதன் நடைமுறை இயலாமை விளங்கும். கணக்குவைக்கும் செலவு தொகையை விழுங்கிவிடும்; கணக்குவைக்க வல்ல பெருநிறுவனமே மிஞ்சும். நியூசிலாந்தின் மாவோரி வானொலி அமைப்பான தே ஹிக்கு மீடியா வேறு வழியைத் தேர்ந்தது. 2018இல் பத்து நாள்களில் 300 மணி நேரத்துக்கும் மேற்பட்ட குரல்பதிவைச் சமூகத்திடமிருந்து திரட்டியது. அதனை விலைக்கு வாங்க வந்த வெளிநாட்டு நிறுவனத்தை மறுத்தது. 2019இல் அரசு ஆய்வுநிதியைப் பெற்றபோதும், சமூகக் காப்பாளர் என்னும் பொறுப்பை வலியுறுத்தும் தனி உரிமத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டது. மதிக்கத்தக்க முன்மாதிரி. ஆனால் கோடிக்கணக்கானோர் பல நாடுகளில் பேசும் தமிழுக்கு அதனை அப்படியே பெயர்க்க இயலாது. இங்கே யார் காப்பாளர் என்ற கேள்விக்கே இன்னொரு திருமய வழக்கு தேவைப்படும். அதிலிருந்து கொள்ளத்தக்கது, அரசுநிதியைப் பெறும்போதே நிபந்தனையையும் தானே எழுதிய துணிவு.

நான் பரிந்துரைப்பது இதனினும் எளியது. தமிழ்த் தரவைத் திரட்டும் பொதுநிதித் திட்டம் ஒவ்வொன்றிலும் தமிழ் அல்லது மொழியியல் துறையைச் சேர்ந்த ஒருவர் இணை முதன்மை ஆய்வாளராக இருக்கவேண்டும். எழுத்தாக்க நெறிமுறையில் அவர் ஒப்புதல் கட்டாயமாகவேண்டும். ஒப்பந்தத்தின் முழுப்பாடமும் கல்விநிறுவனத்தின் தளத்தில் வைக்கப்படவேண்டும்; வணிக மறைபொருள் எனக் கருதும் பகுதி இருப்பின் அது இன்ன பிரிவு என்றாவது காட்டவேண்டும். அரசு மானியக் கணிப்பு வசதியில் உருவாகும் சேவையை அரசுப் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் ஆய்வுக்காகக் கட்டணமின்றிப் பயன்படுத்தும் விதியை மானியத்தோடு இணைக்கவேண்டும். பயனர் செய்யும் திருத்தங்கள் நிறுவனத்தின் கிடங்கில் மட்டும் தங்காமல் பொதுத் தரவகத்துக்குத் திரும்பவேண்டும். கடைசியாகச் சொன்னதற்கே எதிர்ப்பு மிகுதியாக இருக்கும், ஏனெனில் சந்தை மதிப்பு இன்று அத்திருத்தங்களில்தான் உள்ளது.

படியும் பாடமும்

இவ்விவாதம் பேச்சுத் தமிழோடு நிற்பதன்று. 2023ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம், ஒரு லட்சம் கல்வெட்டுகளை முதற்கட்டமாக மின்படியாக்கும் பாரத் பகிர்வுக் கல்வெட்டுக் களஞ்சியத்தை அறிவித்தது. அதற்கு முன்பே, மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவருமாறு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2021 ஆகஸ்டில் ஆணையிட்டது. தாள்படி எந்த ஊரில் இருக்கவேண்டும் என்னும் அவ்வழக்கு தேவையானதே. மின்படியானபின் ஊர் என்னும் வினா மறைந்து, யார் பயிற்றுவிக்கலாம், யார் திருத்தலாம் என்னும் வினா தோன்றும். கல்வெட்டைப் படிக்கும் எழுத்துணர் கருவிக்கு நிறுவனக் கூட்டு தேவைப்படும் நாள் தொலைவில் இல்லை.

அந்நாளில் தேவைப்படும் மூலபாடங்களைத் தந்திருப்பது எது? புதுக்கோட்டைச் சமஸ்தானம் தன் எல்லைக்குட்பட்ட கல்வெட்டுகளின் பாடங்களை 1929இல் நூலாக வெளியிட்டது. அதுவும் பொதுப்பணமே. கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடா. காலும் ரகரமும் ஒன்றுபோலத் தோன்றும். கிரந்த எழுத்து இடையிடையே வரும். ஆகவே கல்வெட்டுப் பாடம் என்பது வெறும் படியன்று, ஒவ்வோரெழுத்திலும் எடுக்கப்பட்ட முடிவு. கருவி கற்கப்போவது அம்முடிவுகளை. படித்தவரின் பெயரும், ஐயத்துக்குரிய இடங்களில் அவர் இட்ட குறியும் தரவாக்கத்தில் உதிர்ந்துவிட்டால், ஐயமே இல்லாத ஒரு பாடம் கருவியின் வாயிலாக வெளிவரும். ஆய்வேட்டில் அதுவே மேற்கோளாகும்.

திருமயத்திலேயே இதற்கு எச்சரிக்கை உண்டு. குடுமியான்மலையில் முழுமையாகக் கிடைக்கும் இசைக்கல்வெட்டை ஒத்த ஒன்று இங்கும் இருந்தது. அதன்மேல் பிற்காலத்தார் வேறு எழுத்தை வெட்டியமையால் இன்று சில சொற்களே எஞ்சியுள்ளன. கல்லில் மேலெழுத்து கீழெழுத்தை அழிக்கும். மின்தரவில் அவ்வாறு அழியவேண்டிய கட்டாயம் இல்லை. 1929ஆம் ஆண்டுப் பாடம், பிற்காலத் திருத்தம், கருவியின் பாடம், அதன்மேல் ஆய்வாளர் செய்யும் மறுதிருத்தம் ஆகிய அனைத்தையும் படித்தவர் பெயரோடும் நாளோடும் அடுக்கடுக்காக வைத்திருக்க ஆகும் செலவு சிறிதே. களஞ்சியத்துக்கான கூட்டொப்பந்தம் எதுவாயினும், இவ்வடுக்குகளைக் காக்கும் பொறுப்பும் அதற்கான நிதியும் கல்விநிறுவனத்திடம் இருக்கவேண்டும் என்பதைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் கையொப்பத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும்.